பாஸ்வேர்டு சரிதான், ஆனா வைஃபை சுத்திக்கிட்டே இருக்கு: பெரிய வீட்டுக்கு டிஹெச்சிபி செட்டிங்ஸ்

கண்டனூர் பக்கம் ஒரு பெரிய வீட்டுல அறுபதாங்கல்யாணம். வருசத்துல முக்காவாசி நாள் பூட்டியே கெடக்குற வீடு, பின்கட்டுல காவக்காரரும் அவரு சம்சாரமும் மட்டும் இருப்பாங்க, ஆறு கேமரா ஓடும், அவ்ளோதான். அன்னிக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்னு எல்லா ஊர்லேர்ந்தும் சொந்தம் வந்து எறங்கிருச்சு. டிபன் பந்தி முடிஞ்சு கொஞ்ச நேரத்துல எனக்கு போன். "தம்பி, பாஸ்வேர்டு எல்லாம் சரியாத்தான் போடுறோம், சுத்திக்கிட்டே இருக்கு, கோலாலம்பூர்ல மக பேத்தியெல்லாம் லைவ் பாக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க, சித்த வந்துட்டுப் போயேன்"னு வீட்டு ஆச்சி.

போய்ப் பாத்தா ஒரு விசயம் உடனே புரிஞ்சுது. காலையில 6 மணிக்கு வந்தவங்க போன்ல எல்லாம் நெட் ஜம்முனு ஓடுது, 10 மணிக்கு மேல வந்தவங்க போன்ல மட்டும் "ஐபி அட்ரஸ் வாங்குது"ன்னே நிக்கிது, லைவ் எடுக்க வந்த பசங்க லேப்டாப்புல 169.254-ல ஆரம்பிக்கிற ஒரு நம்பர் இருக்கு, அட்ரஸ் கிடைக்காதப்ப லேப்டாப் தானே போட்டுக்கிறது அது. லைன் போட்டுக் குடுத்தவங்க மேல தப்பு இல்ல, வேகம் நல்லாத்தான் வருது, சிக்னலும் ஃபுல்லு. அட்ரஸ், அதாவது ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர் குடுக்குற ஐபி நம்பர், தீந்துபோச்சு. ரூட்டர்ல 192.168.1.100-லேர்ந்து 199 வரைக்கும்னு வாங்குனப்ப இருந்த ரேஞ்ச் அப்படியே இருக்கு, அதாவது மொத்தம் 100 பேருக்கு அட்ரஸ், லீஸ், அதாவது வாங்குன அட்ரஸை வச்சுக்கிறதுக்கான கெடு, 24 மணி நேரம். வீட்டுக்குள்ள அன்னிக்கு 100-க்கு மேல போன் வந்து போயிருச்சு.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் முதல்ல சந்தேகப்படுறது சிக்னலைத்தான், ரெண்டாவது நெட் கம்பெனியை. வர்ற போனுக்கெல்லாம் அட்ரஸ் குடுக்குற டிஹெச்சிபின்னு ஒரு பக்கம் ரூட்டருக்குள்ள இருக்குன்னே பலருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் அதைத் தொட வேணாம்னு விட்டுர்றாங்க. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், அந்தப் பக்கத்துல உள்ள நம்பர்லாம் வீட்டுக்கு யாரு வர்றாங்க, எத்தனை பேரு, எவ்ளோ நேரம் இருப்பாங்கங்கிறதைப் பாத்துப் போட வேண்டியது. மூணு பேரு இருக்குற ஃபிளாட்டுக்கு கம்பெனிக்காரன் போட்டு அனுப்புன நம்பர், முகப்பு ஒரு தெருவுலயும் பின்வாசல் அடுத்த தெருவுலயும் இருக்குற வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்.

டிஹெச்சிபி என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம். ஒரு போன் வைஃபைக்குள்ள வந்ததும் அதுக்கு அட்ரஸ் கிடையாது, யாருகிட்ட கேக்கணும்னும் தெரியாது. அதனால 0.0.0.0-ன்னு தன்னைச் சொல்லிக்கிட்டு 255.255.255.255-க்கு, அதாவது நெட்வொர்க்குல இருக்குற எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "யாராவது அட்ரஸ் குடுப்பீங்களா"ன்னு சத்தம் போடும், இது டிஸ்கவர். அட்ரஸ் குடுக்குற சர்வர், வீட்டுல அது ரூட்டருக்குள்ளயே இருக்கும், "இந்தா 192.168.1.104, எடுத்துக்கிறியா"ன்னு கேக்கும், அது ஆஃபர். போன் "சரி அதையே குடுங்க"ன்னு ரிக்வெஸ்ட் அனுப்பும், சர்வர் தன் கணக்குல எழுதிட்டு "ஆச்சு"ன்னு அக் அனுப்பும். நாலு பேச்சு, வழக்கமா ஒரு விநாடி கூட ஆகாது. ஏன் நாலு, ரெண்டு போதாதான்னு கேட்டா, ஒரே நெட்வொர்க்குல ரெண்டு சர்வர் இருந்து ரெண்டும் ஆஃபர் குடுத்தா போன் ஒண்ணைத்தான் எடுத்துக்கணும், எடுத்துக்காத சர்வர் தன் அட்ரஸைத் திருப்பி வச்சுக்கணும், அதுக்குத்தான் அந்த மூணாவது பேச்சையும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாவே சொல்லுது. இந்த ரெண்டு சர்வர் விசயத்தை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வருது.

இதுக்கு முந்தி எல்லாம் கையாலதான். அட்ரஸ் குடுக்குறதுக்கு 1984-ல ரார்ப்னு ஒரு முறை, 1985-ல பூட்பின்னு ஒரு முறை வந்துச்சு, பூட்பியில சர்வர்கிட்ட ஒவ்வொரு மெஷினோட மேக் அட்ரஸையும், அதாவது மெஷினுக்குன்னு உள்ள அடையாள நம்பரையும், முன்கூட்டியே எழுதி வச்சிருக்கணும், எழுதாத மெஷினுக்கு ஒண்ணும் கிடைக்காது. அட்ரஸை வாடகைக்கு விட்டு, நேரம் முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கிற யோசனை டிஹெச்சிபியோட வந்தது, 1993 அக்டோபர்ல. இன்னிக்கு வரைக்கும் அடிப்படையா இருக்குறது 1997 மார்ச்சுல பக்னெல் யுனிவர்சிட்டியில இருந்த ரால்ஃப் ட்ராம்ஸ் எழுதுன ஆர்எஃப்சி 2131 (இன்டர்நெட் விதிமுறையை எழுதி வைக்கிற ஆவணத்துக்கு ஆர்எஃப்சின்னு பேரு). பூட்பிக்கு வச்சிருந்த 67, 68 போர்ட்டையே இதுவும் எடுத்துக்கிச்சு, ஏன்னா ஏற்கனவே பூட்பிக்காக நெட்வொர்க்குல வச்சிருந்த ரிலே, அதாவது ஒரு பக்கத்துச் சத்தத்தை வேற பக்கத்து சர்வருக்குக் கடத்துறது, எல்லாம் மாத்தாம அப்படியே வேலை செய்யணும்னு. இதைப் படிக்கும்போது எனக்கு மரியாதையா இருந்துச்சு, பழைய வீட்டோட தூணை இடிக்காம மேல கட்டுன மாதிரி.

சரி, லீஸ். இங்கதான் பெரும்பாலான தப்பு நடக்குது. 24 மணி நேர லீஸ்னா, காலையில வந்து மொய் எழுதிட்டு 9 மணிக்குக் கெளம்பிப் போனவரோட அட்ரஸ் மறுநாள் காலை வரைக்கும் அவரு பேர்லயே கெடக்கும். போகும்போது போன் "நான் போறேன், அட்ரஸை எடுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போகலாம், அதுக்கு ரிலீஸ்னு ஒரு மெசேஜே இருக்கு, ஆனா வாசலைத் தாண்டி சிக்னல் அறுந்து போற போன் அதைச் சொல்றதே இல்ல. சர்வருக்கு அவரு இன்னும் வளவுக்குள்ள, அதாவது வீட்டு நடு முற்றத்துல, உக்காந்து காபி குடிக்கிற கணக்குதான். பந்தியில சாப்பிட்டு எந்திரிச்சுப் போனவரு இலையை எடுக்காமலே விட்டா அடுத்த ஆளு எங்க உக்காருவாரு, அதே கதை.

அதனால விசேஷ வீட்டுக்கு லீஸ் 1 மணி நேரம், இல்லாட்டி 2 மணி நேரம் போதும். இதனால ஒரு மணி நேரத்துல நெட் கட் ஆயிரும்னு பயப்படுறாங்க, ஆகாது. லீஸ்ல பாதி நேரம் ஆனதுமே போன் தானா சர்வர்கிட்ட நேரா போய்ப் புதுப்பிச்சுக்கும், அது முடியலைன்னா 87.5 சதவீதத்துல எந்த சர்வர் இருந்தாலும் பரவால்லன்னு மறுபடி எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தம் போடும். இருக்குறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, போனவங்க அட்ரஸ் மட்டும் சீக்கிரம் திரும்பி வரும். ரொம்பக் குறைச்சு 2 நிமிஷம் 5 நிமிஷம்னும் வைக்காதீங்க, சர்வர் கொஞ்ச நேரம் படுத்தாக்கூட மொத்த வீடும் அட்ரஸ் இல்லாம நின்னுரும். இன்னொண்ணு, சில ரூட்டர்ல இந்தக் கட்டம் நிமிஷக் கணக்குல இருக்கும், சிலதுல விநாடி, 86400-ன்னு போட்டிருந்தா அது ஒரு நாள். மணிக்கணக்குன்னு நெனச்சு 24-ன்னு அடிச்சுட்டு வந்தவங்களை நான் பாத்திருக்கேன், அன்னிக்கு முழுக்க எல்லாருக்கும் விட்டு விட்டு வந்துச்சு.

அன்னிக்கு அந்த வீட்டுல லீஸை மாத்துனா மட்டும் உடனே பலன் இல்ல, ஏன்னா ஏற்கனவே 24 மணி நேரத்துக்கு வாங்குனவங்க அந்தக் கணக்குலயே இருப்பாங்க, அவங்க புதுப்பிக்கும்போதுதான் புது நேரம் வரும். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்லுவாங்க, நெறைய சின்ன ரூட்டர் லீஸ் கணக்கை மெமரியில மட்டும்தான் வச்சிருக்கும், ஆஃப் ஆனா கணக்கு அழிஞ்சு போயிரும், புதுசா வர்றவங்களுக்கு அட்ரஸ் கிடைக்கும் உண்மைதான், ஆனா அதே அட்ரஸ் ஏற்கனவே ஒருத்தர்கிட்ட இருக்கலாம். நல்ல சர்வர் குடுக்குறதுக்கு முந்தி அந்த அட்ரஸ்ல யாராவது இருக்காங்களான்னு ஒரு பிங் அடிச்சுப் பாக்கும், போனும் அட்ரஸை வாங்குனதும் இது யாருகிட்டயாவது இருக்கான்னு கேட்டு, இருந்தா டிக்லைன்னு திருப்பிக் குடுக்கலாம், ஆனா எல்லாமே அப்படிப் பொறுப்பா நடந்துக்காது. அதனால நான் பண்ணது ரேஞ்சைப் பெருசாக்குனதுதான், 50-லேர்ந்து 250 வரைக்கும். 201 அட்ரஸ். சேவ் பண்ணி அஞ்சு நிமிஷத்துல லைவ் ஓட ஆரம்பிச்சுருச்சு, ஆச்சி கையில ஒரு தட்டு நெறைய கந்தரப்பமும் கவுனி அரிசியும் குடுத்துத்தான் விட்டாங்க.

ஏன் 1-லேர்ந்து வைக்காம 50-லேர்ந்து வச்சேன்னா, அதுக்கு வீட்டோட அமைப்பைத்தான் சொல்லணும். நம்ம வீட்டுல வளவைச் சுத்தி இருக்குற அறை ஒவ்வொண்ணும் ஒரு மகனுக்குன்னு கல்யாணம் ஆனதும் குடுத்துருவாங்க, அவங்க சிங்கப்பூர்ல இருந்தாலும் அந்த அறை அவங்களுக்குத்தான், பூட்டு போட்டுக் கெடக்கும், வேற யாரும் படுக்க மாட்டாங்க. விருந்தாளி வந்தா பட்டாலையில, அதாவது பொதுத் திண்ணைக் கூடத்துல, பாய விரிச்சுப் படுத்து எந்திரிச்சுப் போவாங்க, அடுத்த வாரம் அதே எடத்துல வேற ஆளு. நான் அட்ரஸைப் பிரிக்கிறதே இதைப் பாத்துத்தான். 1 ரூட்டருக்கு. 2-லேர்ந்து 49 வரைக்கும் வீட்டு ஆளுங்க, கேமரா, அதோட ரெக்கார்டர், பிரிண்டர், ரெண்டாங்கட்டுல வைஃபை சிக்னல் குடுக்குற ஆக்சஸ் பாயிண்ட், இதெல்லாம் எடம் மாறக் கூடாது. 50-க்கு மேல பட்டாலை.

கேமரா போடுறவங்க பண்ற ஒரு வேலைதான் இங்க பெரிய தலைவலி, அவங்க ரெக்கார்டருக்கு கையால 192.168.1.110-ன்னு ஏதோ ஒண்ணைப் போட்டுட்டுப் போயிருவாங்க, அது பூல், அதாவது சர்வர் எடுத்துக் குடுக்குற அட்ரஸ் ரேஞ்சுக்கு நடுவுல இருக்கும். வீடு காலியா இருக்குற வரைக்கும் பிரச்சனையே தெரியாது. ஆளு கூடி சர்வர் 110-ஐ எடுத்து ஒரு போனுக்குக் குடுக்குற அன்னிக்கு, சரியா விசேஷத்தன்னிக்கு, கேமரா விட்டு விட்டு வரும். ஒண்ணு அட்ரஸை ரேஞ்சுக்கு வெளிய கையால போடணும், இல்ல ரூட்டர்லயே ரிசர்வேஷன் போடணும், அதாவது இந்த மேக் அட்ரஸ் வந்து கேட்டா இந்த ஐபியைத்தான் குடுக்கணும்னு எழுதி வைக்கிறது. எனக்கு ரிசர்வேஷன்தான் பிடிக்கும், எல்லாக் கணக்கும் ஒரே எடத்துல இருக்கும், நாளைக்கு கேட்வே, அதாவது நெட்டுக்கு வெளிய போற வாசலோட அட்ரஸ், மாறுனாக்கூட ஒவ்வொரு மெஷினா போய்த் திருத்த வேண்டாம். ஆனா ஆளுங்க போனுக்கு ரிசர்வேஷன் போடும்போது கவனம், 2019-ல வந்த ஆண்ட்ராய்டு 10-லேர்ந்தும் 2020-ல வந்த ஐஓஎஸ் 14-லேர்ந்தும் போன் தன் நெஜ மேக் அட்ரஸைக் காட்டாம ஒவ்வொரு வைஃபைக்கும் வேற வேற போலி நம்பரைக் காட்டும். பெட்டியில அச்சடிச்சிருக்கிற நம்பரைப் பாத்து எழுதுனா வேலைக்கு ஆகாது, கனெக்ட் ஆனப்புறம் ரூட்டர் லிஸ்ட்டுல என்ன தெரியுதோ அதைப் பாத்து எழுதுங்க.

இப்ப அந்த ரெண்டு சர்வர் கதை. நம்ம ஊரு வீட்டுச் செவரு செங்கலும் சுண்ணாம்புமா அவ்ளோ தடிமன், முகப்புல வச்ச ரூட்டரோட சிக்னல் ரெண்டாங்கட்டுக்கே தள்ளாடித்தான் வரும், 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமா வராது. உடனே வீட்டுல கெடக்குற பழைய ரூட்டரை எடுத்து, ஒரு கேபிளை இழுத்து, லேன் போர்ட்டுல சொருகி, அடுக்களைப் பக்கம் வச்சிருவாங்க. சிக்னல் அருமையா வரும். ஆனா அந்தப் பழைய ரூட்டருக்குள்ளயும் ஒரு டிஹெச்சிபி சர்வர் முழிச்சுக்கிட்டு இருக்கும். புதுசா வர்ற போன் சத்தம் போட்டதும் ரெண்டும் ஆஃபர் குடுக்கும், பெரும்பாலும் முதல்ல வந்த ஆஃபரைத்தான் போன் எடுத்துக்கும். முகப்பு ரூட்டர்கிட்ட வாங்குனா நெட் வரும், பழைய ரூட்டர்கிட்ட வாங்குனா அது தன்னையே கேட்வேன்னு சொல்லிக் குடுத்துரும், அதுக்குப் பின்னாடியோ நெட்டே கிடையாது, போன் முட்டுச்சந்துல நிக்கும். அதனாலதான் "அண்ணனுக்கு வருது எனக்கு வரல, நேத்து வந்துச்சு இன்னிக்கு வரல"ன்னு ஒரு மாதிரியான புகாரா வரும், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போயிரும்.

எங்க பக்கத்துச் செட்டியாருங்க, அதாவது நகரத்தார்ல ஒம்போது கோயில், ஒரு குடும்பத்துக்கு ஒரு கோயில்தான், கல்யாணம் ஆனதும் அந்தக் கோயில் கணக்குலதான் புள்ளி, அதாவது தனிக் குடும்பம்னு, எழுதுவாங்க. பிள்ளையார்பட்டிக்காரங்க புள்ளி இளையாத்தங்குடிக் கணக்குல வராது. ஒரே கோயிலுக்கு ரெண்டு பேரு தனித்தனியா நோட்டு வச்சு ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம எழுத ஆரம்பிச்சா யாரு எந்தப் புள்ளின்னே தெரியாமப் போயிரும். நெட்வொர்க்குக்கும் கணக்கு எழுதுறது ஒரு கைதான் இருக்கணும். பெரிய ஆபீஸ்ல ரெண்டு சர்வர் வைக்கிறதுண்டு, ஆனா அங்க ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கிற மாதிரி, இல்லாட்டி ஆளுக்குப் பாதி ரேஞ்சுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க.

கண்டுபிடிக்கிறது லேசுதான். நெட் வராத போன்ல வைஃபை விவரத்துக்குள்ள போய் கேட்வே என்னன்னு பாருங்க, வர்ற போன்லயும் பாருங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா வீட்டுக்குள்ள ரெண்டு சர்வர் இருக்கு. விண்டோஸ் லேப்டாப்புல கமாண்ட் விண்டோவுல ipconfig /all-ன்னு அடிச்சா எந்த சர்வர் அட்ரஸ் குடுத்துச்சுன்னே தெரியும். சரி பண்றதுக்கு, பழைய ரூட்டரைத் தனியா ஒரு லேப்டாப்போட கேபிள்ல மாட்டி, முதல்ல அதோட லேன் ஐபியை 192.168.1.2-ன்னு மாத்துங்க, ஏன்னா ரெண்டு ரூட்டரும் 192.168.1.1-ஆ இருந்தா அது தனியா ஒரு சண்டை. மாத்துனதும் அந்தப் பக்கம் அறுந்துரும், பதற வேணாம், புது அட்ரஸைப் போட்டு மறுபடி உள்ள போயி டிஹெச்சிபியை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் முகப்பு ரூட்டர் லேன் போர்ட்டுலேர்ந்து இதோட லேன் போர்ட்டுக்கே கேபிளைப் போடுங்க. ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னு ஒரு பட்டன் இருந்தா இதையெல்லாம் அதுவே பாத்துக்கும். கேபிளை வான் (WAN) போர்ட்டுல, அதாவது நெட் லைன் மாட்டுற ஓட்டையில, சொருகுனாலும் நெட் வரும்தான், ஆனா அதுக்குப் பின்னாடி தனி நெட்வொர்க் ஆயிரும், பின்கட்டு போன்லேர்ந்து கேமராவைத் தேடுனா ஆப் கண்டுபிடிக்காது.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்குற எடமா மாத்துனவங்களுக்கு இன்னொரு படி மேல போகணும். விருந்தாளி வைஃபையும் பில் போடுற கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்குல இருக்கவே கூடாது, ஏன்னா டிஹெச்சிபியில யாரு சர்வர்னு சரிபாக்குற வழக்கமே நடைமுறையில கிடையாது. 2001-ல அதுக்கு ஒரு ஆர்எஃப்சி வந்துச்சு, ஆனா யாரும் பெருசா போடல. கேக்குற போன் யாரு முதல்ல பதில் சொன்னாலும் நம்பிரும், கெட்ட எண்ணத்தோட ஒருத்தர் தன் லேப்டாப்பையே சர்வரா ஓட விட்டு எல்லாருடைய டிராஃபிக்கையும் தன் வழியா இழுத்துக்கலாம். அதனால தனித்தனி விலேன், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள்ள பிரிச்ச தனித்தனி நெட்வொர்க், ஒவ்வொண்ணுக்கும் தனி பூல், ஸ்விட்ச் கொஞ்சம் நல்லதா வாங்குனா டிஹெச்சிபி ஸ்னூப்பிங்னு ஒண்ணு இருக்கும், ரூட்டர் மாட்டியிருக்கிற போர்ட்டை மட்டும் நம்பிக்கையான போர்ட்டுன்னு குறிச்சுட்டா வேற எந்தப் போர்ட்டுலேர்ந்து ஆஃபர் வந்தாலும் அது அங்கயே நின்னுரும். விலேன் பிரிச்சா அந்த டிஸ்கவர் சத்தம் ஒரு விலேன்லேர்ந்து இன்னொண்ணுக்குக் கேக்காது, சர்வர் வேற பக்கம் இருந்தா நடுவுல ரிலே வைக்கணும், அந்த ரிலே "இந்தச் சத்தம் இந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு"ன்னு தன் அட்ரஸையும் சேத்து அனுப்பும், அதை வச்சுத்தான் சர்வர் எந்தப் பூல்லேர்ந்து எடுத்துக் குடுக்கணும்னு முடிவு பண்ணும்.

50-லேர்ந்து 250 வரைக்கும் வச்சதும் பத்தாதுன்னா சப்நெட் மாஸ்க்கை, அதாவது நெட்வொர்க் எவ்ளோ பெருசுன்னு சொல்ற நம்பரை, மாத்திப் பெருசாக்கலாம், 255.255.255.0-ல 254 அட்ரஸ்தான், 255.255.254.0-ன்னா 510, 255.255.252.0-ன்னா 1022. ஆனா கையால அட்ரஸ் போட்ட மெஷின்ல எல்லாம் மாஸ்க்கையும் மாத்தணும், மறந்தா புது ரேஞ்சுல உள்ளவங்களோட அது ஒழுங்காப் பேசாது. இதை விட முக்கியம், அட்ரஸ் இருக்குங்கிறதுக்காக ஒரு சின்ன ரூட்டர் 300 போனைத் தாங்கிறாது, கல்யாணக் கொட்டகைக்குத் தனியா, வளவுக்குத் தனியா ஆக்சஸ் பாயிண்ட் வேணும். அட்ரஸ் குடுக்குறது ஒரு எடம், சிக்னல் குடுக்குறது பல எடம், இதைக் குழப்பிக்காதீங்க.

சைட் பேரை ஐபி நம்பரா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ் கட்டத்துல ரூட்டரோட அட்ரஸே இருந்தாப் போதும், வேணும்னா ரெண்டாவதா 8.8.8.8 இல்ல 1.1.1.1 போடுங்க. வாட்ஸ்அப் ஏதோ வருது, சைட் எதுவும் தொறக்கலைன்னா இந்தக் கட்டத்தைப் பாருங்க.

விசேஷம் முடிஞ்சு எல்லாரும் வண்டி ஏறுனப்புறம் நான் மறுபடி ஒரு தடவை போவேன். லீஸை ஒரு நாளுக்கு மாத்திருவேன், கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ரிசர்வேஷன் ஒழுங்கா இருக்கான்னு பாப்பேன், கரண்டை ஒரு தடவை நிறுத்திப் போட்டு, எல்லாம் அதே அட்ரஸ்ல திரும்பி வருதான்னு பாத்துட்டுத்தான் கெளம்புவேன், ஏன்னா பூட்டுன வீட்டுல ராத்திரி கரண்ட் போயிட்டு வரும்போது பாக்குறதுக்கு ஆளு இருக்காது. எந்த அட்ரஸ் எதுக்குன்னு ஒரு தாள்ல எழுதி மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிருவேன், காவக்காரரு போன்லயும் அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கச் சொல்லிருவேன்.